கரட்டுக் கொங்கிறீற்றும் குடியிருந்த மக்களும்

இரண்டாம் உலகப் போரின் முடிவிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் மேற்கு ஐரோப்பிய நகரங்களிற் கட்டப்பட்ட பெருங் கொங்கிறீற்றுக் கட்டடங்களை என்ன செய்வது என்னும் வாதம் அந்நாடுகளில் இன்றும் ஓய்ந்தபாடில்லை. இடித்து அகற்றுக என்போர் ஒருபுறம். தேசியச் சின்னங்களாகப் பேணுக என்போர் மறுபுறம். முதற்சாரார் அவற்றின் அவலட்சணத்தைச் சுட்டுவர்; மற்றவர் அவற்றின் கம்பீரத்தை விதந்துரைப்பர். இரு சாராரும் தோற்றத்தைப் பற்றியே பேசுகின்றனர் என்பது கவனித்தற்குரியது. அக்கட்டடங்கள் யாருக்காக எழுந்தன, அவற்றில் வாழ்ந்தோர் யாவர், அவர்கள் இன்று எங்குளர் என்னும் வினாக்கள் இவ்வாதத்தின் ஓரத்திலேயே கிடக்கின்றன. பிரித்தானியாவின் அனுபவத்தை முதன்மையாகக் கொண்டு, ஓரத்திற் கிடக்கும் அவ்வினாக்களை நடுவே எடுத்து வைப்பதே நமது நோக்கமாகும்.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு சொல். இக்கட்டடப் பாணி 'புறூட்டலிசம்' என வழங்கப்படுகின்றது. ஆங்கிலத்திற் 'புறூட்டல்' எனின் கொடூரமானது, மிருகத்தனமானது என்பது பொருள். ஆதலால், மக்களைக் கொடுமைப்படுத்தும் கட்டடம் என்னும் எண்ணம் பெயரிலிருந்தே பிறந்துவிடுகின்றது. ஆனால், இப்பெயரின் வேர்களுள் ஒன்று பிரெஞ்சு மொழியிலுள்ள 'பெத்தோன் புறூட்' என்னும் தொடர். பூச்சுப் பூசாத, செப்பனிடாத கரட்டுக் கொங்கிறீற்று என்பதே அதன் பொருள். லெ கொர்பூசியே என்னும் கட்டடக் கலைஞர் 1947 தொடக்கம் 1952 வரை மார்செய் நகரில் 337 வீடுகளைக் கொண்ட மாபெருந் தொடர்மாடியொன்றை எழுப்பினார். போருக்குப் பிந்திய பற்றாக்குறைக் காலம் அது. அச்சுப் பலகைகளின் மரரேகைகள் கொங்கிறீற்றிற் பதிந்து நின்றன, இணைப்புகள் ஒழுங்கற்றிருந்தன. அவற்றைச் சாந்து பூசி மறைக்காமல், செய்த கையின் அடையாளமாக அப்படியே விட்டார் அவர். இங்கிலாந்தில் அலிசன் சிமித்சன், பீற்றர் சிமித்சன் தம்பதியர் இந்நோக்கைத் தமதாக்கிக் கொண்டனர். 1955இல் றெயினர் பான்ஹம் என்னும் விமர்சகர் எழுதிய கட்டுரை இப்பாணியின் பெயரை நிலைநிறுத்திற்று.

பொருளை உள்ளபடி காட்டுதல் என்பதே இவர்களது கோட்பாட்டின் சாரம். செங்கல் செங்கல்லாகவும், உருக்கு உருக்காகவும், தண்ணீர்க் குழாய் குழாயாகவும் கண்ணுக்குத் தெரிதல் வேண்டும் என்றனர். இலக்கியத்திலே யதார்த்தவாதிகள் கோரிய நேர்மையைக் கட்டடத்திலே கோரியவர்கள் என இவர்களைக் கூறினும் பொருந்தும். நமது சிறுகதையாசிரியர் பாத்திரங்களின் பேச்சு வழக்கை எழுத்திற் கொணர்ந்தபோது, அதனை 'இழிசனர் வழக்கு' எனப் பழித்த பண்டிதர் இருந்தனர். பூச்சில்லாச் சுவரைக் கண்டு முகஞ் சுளித்த கனவான்களின் மனநிலை அதற்கு வெகு தொலைவிலில்லை.

எனினும், கோட்பாட்டினால் மாத்திரம் நகரங்கள் எழுவதில்லை. போரின்போது குண்டுவீச்சினால் இலட்சக்கணக்கான வீடுகள் அழிந்தன. அழியாது எஞ்சியவற்றுட் பல, கைத்தொழிற் புரட்சிக் காலத்தில் ஆலை முதலாளிமார் காலத் தேவைக்காக நெருக்கி நெருக்கிக் கட்டப்பட்ட சேரி வரிசைகள். தனிக் குளியலறை இல்லை; மலசலகூடம் முற்றத்தில்; அதுவும் பல குடும்பங்களுக்குப் பொது. போரில் வென்ற மக்கள் இந்நிலைக்கு மீண்டுஞ் செல்ல மறுத்தனர். பொது வீடமைப்பு அரசின் கடமையாயிற்று. உயரமான கட்டடங்கள் எழுந்தமைக்குக் கட்டடக் கலைஞரின் கனவு மட்டுங் காரணமன்று. 1956இன் வீடமைப்பு மானியச் சட்டம், மாடிகள் உயர உயர மாநகரசபைக்குக் கிடைக்கும் மானியமும் உயர வழிசெய்தது. பெருங் கட்டட ஒப்பந்த நிறுவனங்களுக்கு இது வேட்டையாயிற்று. இன்று கட்டடக் கலைஞரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவோர் இச்சட்டத்தை மறந்துவிடுகின்றனர்.

இவ்வரலாற்றின் சிறப்பும் சீரழிவும் ஓரிடத்திற் காணக்கிடைப்பது ஷெபீல்ட் நகரின் பாக் ஹில் தொடர்மாடியிலாகும். உருக்குத் தொழிலாற் பெயர்பெற்ற அந்நகரின் புகையிரத நிலையத்துக்குப் பின்னால் உள்ள குன்றிலே, போருக்கு முன் குண்டர் கும்பல்களுக்குப் பேர்போன சேரியொன்று இருந்தது. 'சின்னச் சிக்காகோ' என்று ஊரார் அதனை அழைத்தனர். அச்சேரி அகற்றப்பட்ட இடத்தில், நகரக் கட்டடக் கலைஞர் லூயிஸ் வொமர்ஸ்லியின் கீழ் ஜாக் லின், ஐவர் சிமித் என்னும் இரு இளைஞர் வரைந்த திட்டத்தின்படி 1957 முதல் 1961 வரை ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான வீடுகள் கட்டப்பட்டன. குன்று சரிவானது, கட்டடத்தின் முகடோ எங்கும் ஒரே மட்டம். ஆகவே மேட்டிலே நான்கு மாடியாக நிற்குங் கட்டடம், பள்ளத்திலே பதின்மூன்று மாடியாக இறங்குகின்றது. மூன்று மாடிக்கொன்றாக, ஏறத்தாழப் பத்தடி அகலமான வெளித்தாழ்வாரங்கள் கட்டடம் முழுவதையும் சுற்றி ஓடின. 'ஆகாயத் தெருக்கள்' என்று அவற்றைப் பெயரிட்டனர். பால்வண்டி அத்தெருவால் ஓடி ஒவ்வொரு வாசலிலும் நின்றது. இடிக்கப்பட்ட சேரியின் தெருப் பெயர்களே தாழ்வாரங்களுக்கும் இடப்பட்டன. பழைய அயலவர் புதிய இடத்திலும் அயலவராய் இருக்கத்தக்கதாகக் குடியேற்றம் ஒழுங்கு செய்யப்பட்டது. சமூகவியல் பயின்ற அலுவலர் ஒருவரையும் மாநகரசபை அங்கேயே குடியமர்த்திற்று.

சமையலறைத் தொட்டியிற் போடும் குப்பை தண்ணீரோடு குழாய் வழி இறங்கி, கீழே எரிக்கப்பட்டு, வீடுகளைச் சூடாக்குதற்கு உதவியது. முற்றத்து மலசலகூடத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு வெந்நீர்க் குழாயுங் குளியலறையும் வெயில் விழும் மாடமும் கிடைத்தமை எத்தகைய மாற்றம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொங்கிறீற்று அரக்கன் என்று பின்னர் ஏசப்பட்ட கட்டடத்தை முதலிற் கண்டவர்கள் அவ்வாறு காணவில்லை. வெறுப்புப் பிறவியிலேயே வந்ததன்று. அது ஒரு காலத்தில் உண்டாயிற்று. உண்டான காலத்தையுங் காரணத்தையும் ஆராய்வதே வரலாற்று மாணவர் செய்யத்தக்கது.

குறைகள் இருந்தன, அவற்றை மூடிமறைத்தல் நேர்மையன்று. வெளியே நீட்டி நின்ற கொங்கிறீற்று வழியே வெப்பம் வெளியேறிற்று. குளிர்காலத்திற் சுவர்களில் ஈரம் படிந்து பூஞ்சணம் பிடித்தது. மார்செய் வெயிலிற் பொலிந்த சுவர் வட இங்கிலாந்தின் மழையிற் கறுத்து வழிந்தது. படிக்கட்டு மூலைகள் இருண்டு கிடந்தன. நாள் முழுவதும் வீட்டிலே குழந்தையுடன் இருக்கும் தாய்க்கு பதினோராம் மாடி என்ன பொருள்படும் என்பதைத் திட்டம் வரைந்தோர் போதிய அளவு சிந்திக்கவில்லை. 1968 மே 16ஆம் நாள் கிழக்கு லண்டனில் றொனன் பொயின்ற் என்னும் 22 மாடிக் கட்டடத்தின் ஒரு மூலை, எரிவாயு வெடிப்பினாற் சரிந்து விழுந்து நால்வர் மாண்டனர். ஆலையில் வார்த்த கொங்கிறீற்றுத் தகடுகளைச் சீட்டுக்கட்டுப் போல் அடுக்கிக் கட்டியது அது. நாம் பேசும் பாணிக்கும் அதற்கும் உறவு மிகக் குறைவு. ஆயினும் அந்த அச்சம் உயரமான கொங்கிறீற்றுக் கட்டடம் யாவற்றின் மேலும் படிந்தது.

இவை எல்லாவற்றினும் பெரிய காரணம் பொருளாதாரமே. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் ஷெபீல்டின் உருக்காலைகள் ஆயிரக்கணக்கான தொழிலாளரை வெளியே தள்ளின. பாக் ஹில்லின் வாடகை அந்த ஆலைக் கூலியிலிருந்தே செலுத்தப்பட்டு வந்தது. 1980இன் வீடமைப்புச் சட்டம், மாநகரசபை வீட்டில் வாடகைக்கிருப்போர் அதனைக் குறைந்த விலைக்கு வாங்கும் உரிமையை அளித்தது. தோட்டமுள்ள நல்ல வீடுகள் முதலில் விலைப்பட்டன. விற்ற பணத்தைக் கொண்டு புதிய வீடு கட்ட மாநகரசபைகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. எஞ்சிய உயர்மாடிகளில் வேறு வழியற்றோரே சேர்ந்தனர். பராமரிப்புப் பணமோ சுருங்கிற்று. மின்தூக்கி பழுதானால் நாட்கணக்கிற் கிடந்தது. விளக்கு உடைந்தால் இருளே எஞ்சிற்று. இருளிலே குற்றம் பெருகியது. பத்திரிகைகள் அக்குற்றத்துக்குக் கொங்கிறீற்றைக் காரணங் காட்டின. பண வசதியுள்ளோருக்கென லண்டன் நகர நிர்வாகம் கட்டிய பாபிக்கன் குடியிருப்பும் இதே கரட்டுக் கொங்கிறீற்றினால் ஆனதே. அங்கே இத்தகைய சீரழிவு நேரவில்லை. சுவரே மனிதனைக் கெடுத்ததென்போர் இதற்கு விடை கூறுவாராக.

பாதுகாப்போர் தரப்பில் அடிக்கடி கூறப்படும் நியாயம் ஒன்றுண்டு: இரசனை மாறும், இன்று வெறுப்பது நாளை போற்றப்படும் என்பது. அதற்கு வரலாறு சான்று தருகின்றது. விக்ரோறியா காலக் கட்டடங்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கேலிக்குரியனவாயிருந்தன. யூஸ்ரன் புகையிரத நிலையத்தின் மாபெருந் தோரணம் 1961–62இல் தகர்க்கப்பட்டது. அதனருகிலுள்ள சென் பங்கிறஸ் நிலையமும் அவ்வழியே செல்லவிருந்தது. எதிர்ப்புக் கிளம்ப, 1967இல் அது பாதுகாப்புப் பட்டியலின் முதல் தரத்திற் சேர்க்கப்பட்டது. இன்று லண்டனுக்கு வருவோர் அதனைப் படம்பிடிக்காது செல்வதில்லை. பேர்மிங்ஹாமின் மத்திய நூலகத்துக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. ஜோன் மடின் வரைந்து 1974இல் திறக்கப்பட்ட அக்கட்டடம், புத்தகங்களை வைக்குமிடமாயன்றி எரிக்குமிடமாகத் தோன்றுகின்றது என அந்நாட்டு இளவரசர் சார்ள்ஸ் எள்ளிநகையாடினார். (1981இல் நூலகம் மெய்யாகவே எரிக்கப்படக் கண்ட ஊராருக்கு இவ்வுவமையில் நகை தோன்றாது.) 2016இல் அதனை இடித்து முடித்து, அவ்விடத்தில் அலுவலக மாளிகைகளை எழுப்பினர்.

இரசனை மாறும் என்பது உண்மையே. ஆனால் அந்த உண்மை வீட்டுப் பிரச்சினைக்குப் போதாது. புகையிரத நிலையத்தைக் காப்பாற்றினால் நிலையம் மிஞ்சும். தொழிலாளர் குடியிருப்பைக் காப்பாற்றினால் எது மிஞ்சுகின்றது? இதனை விளக்குதற்கு லண்டனின் பொப்லர் வட்டாரம் போல வேறு இடமில்லை. நடந்து செல்லக்கூடிய தூரத்தில் அங்கு இரு பெருங் கட்டடங்கள் இருந்தன. ஒன்று இடிபட்டது, மற்றது காப்பாற்றப்பட்டது.

இடிபட்டது, சிமித்சன் தம்பதியர் வரைந்து 1972இல் முடிவுற்ற றொபின் ஹூட் கார்டன்ஸ். பத்து மாடியும் ஏழு மாடியுமாக இரு நீள் கட்டடங்கள், 213 வீடுகள். சுற்றிலும் ஓடும் பெருந்தெருக்களின் இரைச்சலுக்கு முதுகுகாட்டி, நடுவிலுள்ள புல்மேட்டை நோக்கி அவை நின்றன. பிற்காலத்தில் அங்கு வாழ்ந்தோருட் பலர் வங்காளதேசத்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தினர். 2008இல் அதனைப் பட்டியலிடுமாறு றிச்சர்ட் றொஜர்ஸ், ஸஹா ஹதீட் முதலிய உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் கோரினர். அரசு மறுத்தது. குடியிருப்போரிற் பெரும்பாலார் இடிப்பதையே விரும்புகின்றனர் என்றது மாநகரசபை. குடியிருந்த ஒருவர் தாமே வீடு வீடாகச் சென்று கேட்டதில், பெரும்பாலார் திருத்தியமைப்பதையே விரும்பினர் என்று தெரிந்தது. இரண்டு கணிப்பும் ஒரே தாழ்வாரங்களில் எடுக்கப்பட்டவை. ஈரச் சுவருக்குள் பல்லாண்டு அல்லற்பட்டவனிடம், புதுவீடு வேண்டுமா என்று கேட்டால் ஒரு விடை வரும். இவ்வீட்டைச் சீராக்கித் தந்தால் இருப்பாயா என்று கேட்டால் வேறு விடை வரும். கேள்வியை எழுதுபவன் கையிலேயே பாதித் தீர்ப்பு இருக்கின்றது.

2017இல் மேற்குக் கட்டடத்தின் இடிப்புத் தொடங்கிற்று. கிழக்குக் கட்டடமும் பின்னர் மறைந்தது. இடிக்கும்போது, விக்ரோறியா அல்பேட் அரும்பொருட்சாலை மூன்று மாடி உயரமான ஒரு துண்டை வாங்கிக் கொண்டது. 2018இல் அத்துண்டின் பகுதிகள் வெனிஸ் நகரின் கட்டடக் கலைக் கண்காட்சிக்குச் சென்றன. வீடாயிருந்தபோது மின்தூக்கிக்குப் பணமில்லை என்ற சமுதாயம், கலைப்பொருளானதும் அதனைக் கப்பலேற்றுதற்குப் பணந் தேடிக்கொண்டது.

காப்பாற்றப்பட்டது, ஏர்னோ கோல்ட்பிங்கர் வரைந்து 1967இல் முடித்த பல்பிரன் கோபுரம். 26 மாடி, 146 வீடுகள். 1968இல் கோல்ட்பிங்கரும் மனைவியும் இரு மாதங்கள் அதன் மேல்மாடியிற் குடியிருந்து, அயலவரை மாடி மாடியாக விருந்துக்கு அழைத்துக் குறைநிறைகளைக் கேட்டறிந்தனர். கட்டடக் கலைஞர் வரலாற்றில் அரிய செயல் அது. 1996இல் அக்கோபுரம் பட்டியலிடப்பட்டது. பின்னர் மாநகரசபையின் கையிலிருந்து வீடமைப்புச் சங்கமொன்றின் கைக்கு மாறி, திருத்த வேலைக்காக வாடகைக் குடிகள் வெளியேறினர். வேலை முடிந்தபோது அவ்வீடுகள் தனியார் சந்தைக்கு உரியனவாயின. பழைய குடிகள் திரும்பவில்லை. கொங்கிறீற்றின் ஒவ்வொரு வடுவும் வல்லுநராற் பேணப்பட்டது. அதற்குள் வாழ்ந்த வாழ்க்கை பேணப்படவில்லை.

விசித்திரம் யாதெனில், இடிக்கப்பட்ட றொபின் ஹூட் கார்டன்ஸ் இருந்த வட்டாரத்தில் எழும் 1,500க்கு மேற்பட்ட புதிய வீடுகளிற் கணிசமான பங்கு குறைந்த வாடகைக்கு ஒதுக்கப்பட்டது. பழைய குடிகளுக்கும் அங்கு இடம் உண்டென்று கூறப்பட்டது. காப்பாற்றப்பட்ட கோபுரத்தில் அதுவும் இல்லை. பாதுகாப்பு என்றதும் கைதட்டும் முற்போக்காளர் இவ்வொப்பீட்டைச் சற்று நின்று நோக்குவாராக. இடிப்பதெல்லாம் பிற்போக்கும் பேணுவதெல்லாம் முற்போக்கும் அல்ல.

பாக் ஹில்லின் பின்கதையும் இதனையே உணர்த்தும். 1998இல் அது பட்டியலிடப்பட்டது. ஐரோப்பாவில் அவ்வாறு பட்டியலிடப்பட்ட கட்டடங்களுள் மிகப் பெரிது எனப்பட்டது. பின்னர் அதனைத் தனியார் நிறுவனமொன்று பொறுப்பேற்று, முதற் கட்டத்திற் கொங்கிறீற்று எலும்புக்கூட்டை மாத்திரம் விட்டுச் செங்கற்களை அகற்றி, செம்மையும் மஞ்சளும் ஒளிரும் அலுமினியத் தகடுகளைப் பொருத்திற்று. 2013இல் அந்நாட்டின் பெருமைமிக்க கட்டடக் கலைப் பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. ஒரு காலத்தில் வீடுகள் முழுவதும் மாநகரசபையின் வாடகை வீடுகளாயிருந்த இடத்தில், ஒரு பகுதியே குறைந்த வாடகைக்கு எஞ்சிற்று. அங்கு இரு கட்டடங்களை இணைக்கும் உயர்ந்த பாலமொன்றில், 2001இல் ஓர் இளைஞன் தன் காதலியின் பெயரை எழுதி, உன்னை விரும்புகிறேன், என்னை மணப்பாயா என்று வண்ணத்தாற் கேட்டிருந்தான். திருமணம் நடைபெறவில்லை, அப்பெண் 2007இல் நோயால் இறந்தாள். நிறுவனம் அவ்வெழுத்துகளின் மேல் நியோன் விளக்குப் பொருத்தி விளம்பரமாக்கிற்று. காதல் வாசகம் ஒளிர்ந்தது; பெண்ணின் பெயருக்கு மாத்திரம் விளக்குப் பொருத்தவில்லை.

அப்படியாயின் மூன்றாவது வழி உண்டா? உண்டு, அது பிரான்சிற் செய்துகாட்டப்பட்டுள்ளது. 2003ஆம் ஆண்டளவிற் பிரெஞ்சு அரசு இரண்டு இலட்சம் பொது வீடுகளை இடித்து மீளக் கட்டும் பெருந்திட்டமொன்றைத் தொடங்கிற்று. அன் லக்கத்தோன், ஜோன் பிலிப் வசால் என்போர் பிரெடெரிக் துருவோ என்பாருடன் சேர்ந்து 2004இல் அதற்கு மறுப்பு எழுதினர். ஒருபோதும் இடிக்கலாகாது, இருப்பதனோடு கூட்டுதலே வேண்டும் என்பது அவர் வாதம். போர்தோ நகரின் கிராந் பாக் குடியிருப்பில் 1960களிற் கட்டிய மூன்று தொடர்மாடிகளில், 530 வீடுகளில், அதனைச் செயலாற்றினர். அவை நாம் மேலே விவரித்த பாணியைச் சேர்ந்தனவல்ல. வெறுஞ் சாதாரண கொங்கிறீற்றுப் பெட்டிகள். பட்டியலிடப்படும் நம்பிக்கை எதுவும் அவற்றுக்கில்லை. ஆனால் அதே தலைமுறையின் பிள்ளைகள். அதே வெறுப்பைச் சம்பாதித்தவை. சிறு யன்னல்களை அகற்றி, ஏறக்குறைய 3.8 மீற்றர் ஆழமான கண்ணாடி மாடமொன்றைக் கட்டடத்தின் முன்னே நிறுத்தி ஒவ்வொரு வீட்டோடும் இணைத்தனர். அம்மாடம் குளிரையுந் தடுத்தது, வீட்டையும் விசாலப்படுத்திற்று. வேலை நடந்த காலம் முழுவதும் மக்கள் தத்தம் வீட்டிலேயே வாழ்ந்தனர். வாடகை கூட்டப்படவில்லை. 2019இல் ஐரோப்பாவின் மீஸ் வான் டெர் ரோ பரிசு இவ்வேலைக்குக் கிடைத்தது. 2021இல் அவ்விருவருக்கும் பிறிற்ஸ்கர் பரிசும் வழங்கப்பட்டது. உலகின் கரியமிலவாயு வெளியீட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பங்கு சீமெந்து உற்பத்தியால் விளைவதெனக் கணிக்கப்படும் இக்காலத்தில், நிற்குங் கொங்கிறீற்றை உடைத்து மீண்டுங் கொங்கிறீற்று ஊற்றுவது சிக்கனமன்று என்பதையுஞ் சேர்த்துக் கொள்க.

மாடம் கட்டுதற்கும் வசதியற்ற இடத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு லண்டனிலேயே சான்றுண்டு. பல்பிரனின் இளைய சகோதரனான ட்ரெலிக் கோபுரத்தைக் கோல்ட்பிங்கர் 1972இல் முடித்தார். 31 மாடி, 217 வீடுகள். வாயிலிற் காவலர் ஒருவர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே அவர் கேட்டார். செலவைக் காரணங்காட்டி அதிகாரிகள் மறுத்தனர். சில ஆண்டுகளிலே மின்தூக்கிகள் உடைக்கப்பட்டு, வாயிற்கூடம் அச்சத்துக்குரியதாகி, 'பயங்கரக் கோபுரம்' என்று பத்திரிகைகள் பெயரிட்டன. 1980களின் நடுப்பகுதியிற் குடியிருப்போர் சங்கமமைத்துப் போராடினர். அவர்கள் கேட்டவை சாதாரணமானவை: ஓடும் மின்தூக்கி, பூட்டக்கூடிய வாயிற்கதவு, கட்டடக் கலைஞர் முன்பே கேட்டிருந்த அதே வாயிற்காவலர். காலப்போக்கில் அவை கிடைத்தன. குடியிருக்க அஞ்சிய கோபுரத்துக்கு மக்கள் விரும்பி வரத் தொடங்கினர். சுவரிலே எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. அதே கரட்டுக் கொங்கிறீற்று, அதே ஒடுங்கிய மின்தூக்கிக் கூடு. அரசு அதனைச் சின்னமாகப் பட்டியலிட்டது 1998இல், இவையெல்லாம் நடந்தேறிய பின்னரே.